வாயால் சொல்கிறார்கள், கையெழுத்து என்னுடையது

கடிதம் எழுதியவருக்கு வயது 46. தக்கலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 17 வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் தமிழக அரசின் பெரிய நிறுவனம் ஒன்றில் தகவல் தொழில்நுட்பத்துக்கும் புதிய முயற்சிகளுக்கும் தலைமைப் பொறுப்பில் சேர்ந்திருக்கிறார். 3 வருட ஒப்பந்தம். தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் நிறுவனம் அது. தலைமை அலுவலகம் சென்னையில், கிளைகள் எல்லா மாவட்டத்திலும். கணவரும் பிள்ளைகளும் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறார், வார இறுதியில் திரும்புகிறார். கடிதத்தையும் ரயிலில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நிறுவனத்தின் முழு வேலையும் பத்து வருடத்துக்கு முன்பு ஒரு தனியார் கம்பெனி செய்துகொடுத்த சாஃப்ட்வேரில் ஓடுகிறது. அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் இன்னும் 5 மாதத்தில் முடிகிறது. அந்தச் சாஃப்ட்வேரின் மூல நிரலான சோர்ஸ் கோடு நிறுவனத்தின் கையில் இல்லை. டெண்டர் விடாமல் அதே கம்பெனிக்கு இன்னும் 3 வருடம் நீட்டித்துக் குறிப்பு வைக்கச் சொல்லி மேலிடத்தில் வாயால் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கேட்டால், "இதுக்கெல்லாம் எழுத்து வேணுமா மேடம்?" என்ற பதில். இவருக்கோ பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தமாகப் புதிதாகக் கட்ட ஆசை.

இதற்கிடையில், சொந்த மாவட்டம் என்ற பாசத்தில் கன்னியாகுமரியில் ஒரு செயலியைச் சோதனைக்கு விட்டிருக்கிறார். களப்பணியாளர்கள் பயனாளியின் வீட்டுக்கே போய்க் கைரேகை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்தே வருகைப்பதிவும் ஆகிவிடும். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் கிடைக்காத இரண்டு பணியாளர்களுக்கு ‘வரவில்லை’ என்று பதிவாகி, சம்பளம் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஊழியர் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. யாரோ ஒருவர் இவருடைய நியமனம், சம்பளம், வீட்டு முகவரி, செயலிக்கு ஆன செலவு எல்லாவற்றையும் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று. இவரிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், சோதனைக்காகச் சுமார் 4,000 பயனாளிகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய எக்செல் பட்டியலைக் கம்பெனிக்காரருக்குத் தன் சொந்த மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். அது அங்கிருந்து ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் எல்லோரையும் அழிக்கச் சொல்லிவிட்டு, ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார். "பையனுக்கு வேலை போய்விடும். எனக்கு 250 கோடி அபராதம் வரும் என்கிறார்கள். நான் ஒப்பந்த ஊழியர்தானே, ராஜினாமா செய்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அரசுப் பணியாளர்களின் வழக்குகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். வக்கீல் ஆவதற்கு முன்பு ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதனால் உங்கள் கடிதத்தில் இருந்த மூச்சுத்திணறல் எனக்குப் புதிதில்லை. நீங்கள் ஒரு இடத்தில், "இங்கே எல்லாமே ஃபைல், ஃபைல், ஃபைல். புதிதாக எதையும் செய்யவிடாத எதிரி அந்த ஃபைல்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லப்போகும் எல்லா யோசனையும் அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல், எது அவசரமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

கசிந்த பட்டியல்: முதல் வேலை இதுதான்

ஒரு மாதம் சும்மா இருந்தது தவறு. இதை உங்களிடம் மழுப்பிப் பேசினால் நான் உங்களுக்கு நல்லது செய்தவன் ஆகமாட்டேன். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, தகவல் கசிவு கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். 6 மணி நேரம் போய்விட்டதால் இனிச் சொல்லிப் பயனில்லை என்று நினைக்காதீர்கள். தாமதமாகச் சொன்னதற்கு விளக்கம் கொடுக்கலாம். சொல்லாமலே இருந்து வேறு யாராவது வெளியே கொண்டுவந்தால், உங்கள் விளக்கத்தைக் கேட்க ஆள் இருக்காது.

நாளைக்கே நிறுவனத் தலைவருக்கு ஒரு குறிப்பு வையுங்கள். எந்தத் தேதியில் நடந்தது, உங்களுக்கு எந்தத் தேதியில் தெரிந்தது, யார் யாரை அழிக்கச் சொன்னீர்கள், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நாலு பத்தி போதும். தேதியை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். முன்தேதியிட்ட காகிதம் கசிவைவிடப் பெரிய குற்றமாக மாறிவிடும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வரில் இருக்கும் லாக் பதிவுகளை யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 180 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளதுதான்.

250 கோடி விஷயத்துக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் உச்சவரம்பு அது. தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத அமைப்பின் மேல் விதிக்கப்படுவது. தனி அலுவலரின் சம்பளத்தில் பிடிப்பதற்கானது இல்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் படித்துவிட்டு நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

அந்தப் பையனைப் பற்றி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு, ஒப்பந்தத்தின் கீழ் கையில் வந்த தனிப்பட்ட தகவலை வெளியிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் நஷ்டமோ முறையற்ற ஆதாயமோ உண்டாக்கும் நோக்கமோ, அப்படி வரும் என்ற அறிவோ இருந்தால்தான் அந்தப் பிரிவு பாயும். சோதனை முடியவேண்டுமே என்ற அவசரத்தில் அனுப்பியவருக்கு அது எளிதில் ஒட்டாது. துறை ரீதியாக விளக்கம் கேட்பார்கள், கேட்கட்டும். உங்கள் குறிப்பில் ஒரு வரி நேர்மையாகச் சேருங்கள்: சோதனைக்கு உண்மையான பயனாளிகளின் பட்டியலைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தரப்படவில்லை, போலித் தரவு தயாரித்துக் கொடுக்கும் ஏற்பாடு நம் பிரிவில் இல்லை. பொறுப்பில் ஒரு பங்கு உங்களுடையது. அதை நீங்களே எழுதினால்தான் பையனைக் காப்பாற்றும் வார்த்தைக்கு மதிப்பு.

உங்கள் கடிதத்தில் அந்த 4,000 பேரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயரும் கணக்கு எண்ணும் சேர்ந்து வெளியே போனால், "உங்க உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வர நாளாகாது. அவர்களுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி, கிளை அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு, வங்கிக்கு ஒரு கடிதம். மூன்றையும் அந்தக் குறிப்பிலேயே முன்மொழியுங்கள். இனி எந்தப் பட்டியலிலும் ஆதாரின் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியட்டும்.

‘வாயால் சொன்னார்’ என்பது நாளைக்கு நிற்காது

மேலதிகாரி சொன்னதைத்தானே செய்தோம், அவர்தானே பொறுப்பு என்று நினைக்கிறீர்கள். கோப்பில் அவர் சொன்னதற்குத் தடயம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு உங்கள் மூளையில் உதித்தது, அவ்வளவுதான். வாய்மொழி உத்தரவைப் பிறகு எழுத்தில் உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளும் சொல்கின்றன. 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாய்மொழி அறிவுறுத்தலை வைத்து அதிகாரிகள் இயங்கக்கூடாது, அப்படி வந்தால் பதிவு செய்ய வேண்டும் என்று கூறியது. உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்த விதிகள் பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும். ஆனால் கொள்கை ஒன்றுதான்.

எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டது சண்டை மாதிரி அவர் காதில் விழுந்திருக்கும். அலுவலகத்தில் இதற்கு ஒரு பழைய, மரியாதையான வழி உண்டு. நீங்களே எழுதிவிடுவது. "இன்று காலை நடந்த ஆய்வுக் கூட்டத்தில், நடப்பு நிறுவனத்துக்கே 3 ஆண்டுகள் நீட்டிப்பு வழங்குவது குறித்துக் குறிப்பு வைக்கத் தாங்கள் தெரிவித்த அறிவுரைப்படி, கீழ்க்காணும் விவரங்கள் தங்கள் உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகின்றன" என்று தொடங்குங்கள். அப்புறம் உண்மையான நிலையை எழுதுங்கள்: ஒப்பந்தத்தில் நீட்டிப்புக்கு இடம் இருக்கிறதா, எத்தனை மாதம், என்ன விலை, டெண்டர் சட்டம் என்ன சொல்கிறது, தொழில்நுட்ப ரீதியாக உங்கள் கருத்து என்ன. உத்தரவு போடுவது அவர் வேலை. குறிப்பைப் படித்தபின் பல நேரம் அந்த அறிவுரையே மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998இல் வந்தது. டெண்டர் இல்லாமல் வாங்குவதற்கு அதன் 16ஆவது பிரிவு சில சூழல்களை மட்டும் அனுமதிக்கிறது. வேறு எவரும் தரமுடியாத ஒற்றை ஆதாரம் என்பது அவற்றில் ஒன்று. "கோடு அவர்களிடம்தான் இருக்கிறது, அதனால் அவர்களைத் தவிர ஆள் இல்லை" என்ற வாதத்தை அதில் நுழைக்கப் பார்ப்பார்கள். கோடை வாங்கி வைக்காதது நிறுவனத்தின் தவறு. அந்தத் தவறையே விலக்குக்குக் காரணமாகக் காட்டினால், தணிக்கை முதலில் கேட்கும் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

ஒப்பந்த ஊழியர் என்பதால் உங்களை யாரும் கேட்கமுடியாது என்ற நம்பிக்கையையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். ஊழல் தடுப்புச் சட்டத்தில் ‘பொது ஊழியர்’ என்பதன் பொருள் மிக விரிந்தது. அரசின் சம்பளத்தில் இருப்பவர் எவரும் அதற்குள் வந்துவிடுவார், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற வித்தியாசம் இல்லை. அதே நேரம் பயப்படவும் வேண்டாம். நேர்மையாக எடுத்த முடிவு பின்னால் நஷ்டமாகிவிட்டது என்பதற்காகவே குற்றவாளி ஆக்கக்கூடிய 13(1)(டி) பிரிவை 2018 திருத்தம் எடுத்துவிட்டது. நேர்மையாக எடுத்தீர்கள் என்று காட்ட என்ன வேண்டும்? அன்றைக்கு எழுதிய குறிப்பு.

சோர்ஸ் கோடு யாருடையது?

"பணம் கொடுத்தது நாங்கள், அதனால் கோடு எங்களுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனிக்காரரோ, "எழுதியது நாங்கள், எங்களுடையது" என்கிறார். இரண்டுமே முழு உண்மை இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, அரசின் வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ உருவான படைப்புக்கு அரசுதான் முதல் உரிமையாளர். பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அதே மாதிரி ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஆனால் இரண்டிலும், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது என்று ஒரு கொக்கி உண்டு. பத்து வருடத்துக்கு முன்பு போட்ட ஒப்பந்தத்தில் கம்பெனி தன் பக்கம் ஒரு வரி சேர்த்திருந்தால் கதை மாறிவிடும். தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒரு பொருளை எடுத்து உங்களுக்காகச் சில மாற்றம் செய்துகொடுத்திருந்தால், அடிப்படைப் பொருள் அவர்களுடையது, மாற்றம் மட்டும் உங்களுடையது என்று வாதம் வரும். ஆகவே முதலில் அந்த ஒப்பந்தத்தைத் தேடிப் பிடியுங்கள். பிற்சேர்க்கைகளோடு, கடைசிப் பக்கம் வரை. கோப்பின் பழைய ந.க. எண்ணைச் சொல்லிப் பதிவறையில் கேட்டால் கிடைக்கும்.

உரிமை உங்களுடையது என்று தீர்ப்பே வந்தாலும், கோடு கைக்கு வராமல் ஒரு பயனும் இல்லை. அதைவிட அவசரம் தரவு. சட்டப்படி அந்தத் தரவு உங்கள் நிறுவனத்துடையது என்பதில் சண்டைக்கு இடமே கிடையாது. ஆனால் அவர்கள் அதை எந்த வடிவத்தில் கொடுப்பார்கள்? பத்து வருடப் பழைய பதிவு என்றால் தமிழ்ப் பெயர்களில் ஒரு பகுதி வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்புண்டு. 2010இலேயே தமிழக அரசு யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டை ஏற்று ஆணை போட்டும், பல அலுவலகங்களில் பழைய பழக்கம் நீண்டகாலம் ஓடியது. அப்படிப்பட்ட பட்டியலை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை மாதிரித்தான் தெரியும். நான் கணினிப் பிரிவில் இருந்தபோது ஒரு மாவட்டத்துப் பெயர்ப் பட்டியல் இப்படித்தான் வந்து சேர்ந்தது. அசல் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் பெயராகத் திரும்ப அடித்தோம். இன்றைக்கு மாற்றிக்கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்துரு என்று சொல்ல, அந்த அமைப்பைத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் இன்று கம்பெனியில் இருக்கிறார்.

அதனால் என் யோசனை இது. 3 வருட நீட்டிப்பு வேண்டாம். ஒப்பந்தத்தில் நீட்டிப்புக்கு இடம் இருந்தால், அதே விலையில், புதிய ஏற்பாடு வரும்வரை மட்டும், 6 மாதம் போலக் குறுகிய காலத்துக்கு முன்மொழியுங்கள். கோடு, முழுத் தரவு, எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்ற விளக்கம், சர்வர் பாஸ்வேர்டுகள், உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி, இவை எல்லாவற்றையும் கொடுத்தால்தான் கடைசித் தவணைப் பணம் என்று நிபந்தனை போடுங்கள். கூடவே டெண்டர் வேலையையும் தொடங்கிவிடுங்கள். எல்காட், என்.ஐ.சி., தமிழ்நாடு மின் ஆளுமை முகமை என்று அரசுக்குள்ளேயே கைகொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவர்களிடம் ஒரு கடிதம் போட்டுக் கருத்துக் கேட்டு அதையும் கோப்பில் சேர்த்துவிட்டால், "இவர் ஒருத்தர் சொல்லைக் கேட்டுச் செய்தோம்" என்று பின்னால் யாரும் சொல்லமுடியாது.

எல்லாவற்றையும் சொந்தமாக முதலிலிருந்து கட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களுக்குத் திறமை இருக்கிறது, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் மிச்சம் இருப்பது இரண்டு வருடமும் சொச்சமும். நீங்கள் போனபின் யார் பார்ப்பார்கள்? கனடா அரசு 2016இல் தன் ஊழியர்களின் சம்பளத்துக்கு ‘ஃபீனிக்ஸ்’ என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. பழைய முறையைத் தெரிந்த சம்பளப் பிரிவு ஆட்கள் பலர் அதற்கு முன்பே வேலையிலிருந்து அனுப்பப்பட்டுவிட்டார்கள். பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் தப்பும் தவறுமாக வந்தது, வருடக்கணக்கில் இழுத்தது. உங்கள் பயனாளிக்கு ஒரு மாதம் பணம் தவறினால் அரிசிக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு பகுதியாக மாற்றுங்கள். புதியது ஓடுவதைக் கண்ணால் பார்த்தபின் பழையதை நிறுத்துங்கள்.

தேய்ந்த விரலும் இரட்டை வேலையும்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்ட இடம் அருமனைப் பக்கத்தில் நீங்கள் நேரில் பார்த்த காட்சி. வருடக்கணக்கில் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்த அம்மா. கருவியில் ஐந்து தடவை விரல் வைக்கிறார், முந்தானையால் துடைத்துத் துடைத்து வைக்கிறார், ஏற்கவில்லை. "எனக்க விரலு தேஞ்சு போச்சு மக்களே" என்று உங்களிடம் கையை விரித்துக் காட்டியிருக்கிறார். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலையே அரித்துவிடும். கருப்பேறிப்போன அந்த விரல்களைப் பார்க்காத வீடு நம் மேற்குப் பகுதியில் குறைவு. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும், கயிறு திரிக்கிறவருக்கும், வலை இழுக்கிறவருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். நீங்கள் உதவ வேண்டிய மக்களே இவர்கள்தான், செயலி திருப்பி அனுப்புவதும் இவர்களைத்தான்.

இதை நீங்கள் ‘கருவியின் துல்லியப் பிரச்சினை’ என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது உதவி மறுப்பு. 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில், கைரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள எவருக்கும் பலன் மறுக்கப்படக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. உங்கள் செயலியில் விரல் ஏற்காவிட்டால் அடுத்த திரைக்குப் போக வழியே இல்லை என்கிறீர்கள். அந்த வழியை இந்த வாரமே திறந்துவிடுங்கள். ஓடிபி, அதுவும் முடியாவிட்டால் களப்பணியாளரின் சான்று, புகைப்படம், மேலாளர் ஒப்புதல். மோசடிக்கு இடமாகும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி விலக்கில் வந்தவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை தனியாகச் சரிபார்த்தால் போதும்.

அடுத்தது அந்த இரண்டு பணியாளர்களின் சம்பளம். விளக்கம் கேட்காமல் பிடித்தது செல்லாது. அவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் ஜெயிப்பார்கள், ஜெயிக்கவும் வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் போகிறவர் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கு வரவில்லை என்று ஒரு சர்வர் சொன்னால், சர்வர் பொய் சொல்கிறது. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டன் அஞ்சலகங்களின் கதை இருக்கிறது. 1999 முதல் அங்கே புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ கணக்கு சாஃப்ட்வேர், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் திருடியதாக வழக்கு. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகிச் சிலர் சிறைக்கும் போனார்கள். கடைசியில் 2024இல் தனிச்சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். நம் ஊரிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி, கணினிப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் சான்று தர வேண்டும். நாளைக்கு அந்தச் சான்றில் உங்கள் கையெழுத்துத்தான் வரும். உங்களால் மனசாரப் போடமுடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க நீங்களே குறிப்பு வையுங்கள். சங்கம் கேட்பதற்கு முன்னால் நீங்கள் செய்தால், அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

சங்கத்தின் மனுவில் இருக்கும் இன்னொரு புகாரும் நியாயமானது. களத்தில் துண்டுத்தாளில் குறிக்கிறார்கள், சிக்னல் கிடைக்கும் டீக்கடைக்கு வந்து செயலியில் ஏற்றுகிறார்கள், சாயங்காலம் அலுவலகத்தில் அதையே நீளப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஒரே வேலை மூன்று தடவை. "மின்னணுப் பதிவு செல்லும் என்று சட்டமே சொல்கிறது, இவர்கள் பிடிவாதமாக நோட்டை விடமாட்டேன் என்கிறார்கள்" என்று வருத்தப்படுகிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4, 6 பிரிவுகள் மின்னணுப் பதிவை ஏற்கின்றன, உண்மைதான். ஆனால் 9ஆவது பிரிவையும் படியுங்கள். மின்னணு வடிவில்தான் ஏற்க வேண்டும் என்று எந்த அரசுத் துறையையும் வற்புறுத்தும் உரிமையை இந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை என்கிறது. பதிவேட்டை வைத்திருக்கச் சொல்லும் பழைய சுற்றறிக்கை உயிரோடு இருக்கும்வரை, தணிக்கைக்கு வருபவர் அந்த நோட்டைத்தான் கேட்பார். இல்லை என்று சொன்னால் மாட்டிக்கொள்வது அந்தக் கீழ்நிலைப் பணியாளர். அதில் பிடிவாதம் எதுவும் இல்லை, தற்காப்புத்தான் இருக்கிறது.

பதிவேட்டை ஒழிக்கும் உத்தரவை வாங்கிக் கொடுங்கள். எந்தப் பதிவேடு, எந்தத் தேதியிலிருந்து, அதற்குப் பதில் எந்த அறிக்கை என்று தணிக்கைப் பிரிவோடு பேசி முடிவுசெய்து, தலைவரின் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை. ஒன்றரைப் பக்கம் வரும். உங்கள் செயலியில் இருக்கும் அத்தனை புதுமையையும்விட அந்த ஒன்றரைப் பக்கம் களத்தில் இருப்பவருக்கு தினம் இரண்டு மணி நேரத்தைத் திருப்பித் தரும். கூடவே, சிக்னல் இல்லாத இடத்தில் போனிலேயே சேமித்துவிட்டுப் பிறகு ஏற்றும் வசதியைச் சேருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் எந்தச் செய்தியும் எட்டாத தூரத்தில் இருந்தன. இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறவர், சிக்னல் எங்கே நிற்கிறது என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தகவல் உரிமை மனுவுக்கு அதிகம் கலங்க வேண்டாம். அது உங்கள் மேல் நடக்கும் தாக்குதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒதுக்கியும் வைக்காதீர்கள். பதில் தர 30 நாள். பொதுத் தகவல் அலுவலர் உங்களிடம் விவரம் கேட்டு நீங்கள் தராவிட்டால், 5(5) பிரிவுப்படி அபராதம் உங்கள் மேலும் வரலாம், நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. சம்பள விவரம் 4ஆவது பிரிவுப்படி யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியது. செயலியின் செலவும் மக்கள் பணம், கொடுத்துவிடுங்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண் உங்கள் சொந்த விஷயம், 8(1)(ஜெ) பிரிவைக் காட்டி மறுக்கச் சொல்லலாம்.

விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா?

ராஜினாமா உங்கள் உரிமை. ஒப்பந்தத்தில் சொன்ன நாள் கணக்கில் அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் கட்டிப்போட முடியாது. ஆனால் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்பது சரியில்லை. பணியில் இருந்தபோது நடந்ததற்குப் பிறகும் கேள்வி வரலாம், அப்போது கோப்பைப் பார்க்கும் வசதிகூட உங்களுக்கு இருக்காது. கசிவைச் சொல்லாமல் இப்போது ராஜினாமா கொடுத்தால், ஓடிவிட்டார் என்றுதான் பெயர் வரும். நிறுவனமே உங்களை விலக்க நினைத்தால், ஒப்பந்த விதிப்படி நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம். ஆனால் குற்றம் சாட்டிக் களங்கத்தோடு அனுப்புவது என்றால், உங்கள் பக்கத்தைக் கேட்காமல் செய்யமுடியாது. ஒப்பந்த ஊழியருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். கசிவு அறிக்கை, நீட்டிப்புக் குறிப்பு, சம்பளத்தைத் திருப்பும் குறிப்பு, பதிவேட்டை ஒழிக்கும் சுற்றறிக்கை, நான்கும் உங்கள் கையெழுத்தோடு தேதியோடு மேலே போகட்டும். ஐந்தாவதாக, உங்கள் பணிப்பொறுப்பு என்ன, எவ்வளவு ரூபாய் வரை நீங்களே முடிவெடுக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பொறுப்பு மட்டும் இருந்து அதிகாரம் இல்லாத நாற்காலியில் யாராலும் நெடுநாள் உட்கார முடியாது. பதிலே வராவிட்டால், முறையான ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைத்துவிட்டு வாருங்கள். டெக்னோபார்க் எங்கேயும் போகாது. வாரத்தில் ஐந்து ராத்திரி அம்மாவைப் பார்க்காத பிள்ளைகளின் கணக்கும் இதில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் அந்தக் காலக்கெடுவை முடிவுசெய்ய வேண்டும், நான் சொல்லி அல்ல.

நேரில் பார்க்க வேண்டுமானால் அடுத்த சனிக்கிழமை காலையில் நாகர்கோவில் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தின் நகல் போதும். தகவல் உரிமை மனு வந்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள், 30 நாள் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தப் பயனாளிகள் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பவும் வேண்டாம், கொண்டுவரவும் வேண்டாம். அதைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை இன்னும் ஒன்று கூட வேண்டாம்.